திரையைப் பார்க்காதே, பெஞ்சைப் பார்

சினிமா பைத்தியங்களுக்கென்று ஒரு விளையாட்டு இருக்கிறது. ஏதோ ஒரு படத்திலிருந்து ஒரே ஒரு ஸ்டில்லை எடுத்துப் போடுவார்கள். அது என்ன படம் என்று சொல்ல வேண்டும். இதிலேயே ஒரு தனி ரகம் உண்டு: போடுகிற ஸ்டில் எல்லாமே சினிமாக் கொட்டகைக்குள் நடக்கிற காட்சியாக இருக்கும். படத்துக்குள்ளே படம் பார்க்கிற ஜனங்கள். இருட்டில் வரிசையாகத் தலைகள், மேலே புரொஜெக்டர் வெளிச்சம், தூரத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். பிலிம் சொசைட்டி ஆட்கள் இதில் புலிகள். திரையில் தெரிகிற அரைகுறை முகத்தை வைத்தும், உட்கார்ந்திருக்கிறவளின் தலைவாரலை வைத்தும் படம், இயக்குநர், வருஷம் மூன்றையும் ஒப்பித்துவிடுவார்கள்.

நானும் ஆடியிருக்கிறேன். சுமாராக ஆடுவேன். ஒருத்தி இருட்டில் கண் கலங்க நிமிர்ந்து பார்க்கிறாள், திரையில் முடி வெட்டப்பட்ட இன்னொருத்தி அழுகிறாள் என்றால் அது கோதாரின் 'விவ்ர் சா வி', 1962. பார்க்கிறவள் அன்னா கரீனா. பார்க்கப்படுகிறவள் டிரையர் 1928ல் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க். புரொஜெக்டர் ஓட்டுகிறவன் தூக்கத்திலேயே எழுந்து போய்த் திரைக்குள் நுழைகிறானா? பஸ்டர் கீட்டன், 'ஷெர்லக் ஜூனியர்', 1924. ஸ்பெயின் கிராமம், ஆளாளுக்கு வீட்டிலிருந்து நாற்காலி தூக்கி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு சின்னப் பெண் பிராங்கன்ஸ்டைனைப் பார்த்து வாய் பிளக்கிறாள் என்றால் விக்டர் எரிசேயின் 'ஸ்பிரிட் ஆஃப் தி பீஹைவ்', 1973. திரையே தெரியாமல் ஈரானியப் பெண் முகங்களாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கியாரஸ்தமியின் 'ஷிரின்' என்று சொல்லலாம், 2008. அந்தப் பெண்களுக்கு முன்னால் எந்தப் படமும் ஓடவில்லை, கியாரஸ்தமி தன் வீட்டில் வைத்தே எடுத்த முகங்கள் அவை என்பது தனிக்கதை.

இப்படி நூறு ஸ்டில்லைப் பார்த்த பிறகு எனக்கு வேறொரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. படம் என்ன என்று கண்டுபிடிக்கத் திரையைப் பார்க்கிறோம், நடிகையின் முகத்தைப் பார்க்கிறோம். பெஞ்சை யார் பார்ப்பது? இந்தக் கொட்டகைக்குள் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? எந்த வாசல் வழியாக வந்தார்கள்? யார் உள்ளேயே வரவில்லை?

சினிமாவைப் பற்றி சினிமா எடுக்கிறவர்களுக்கு ஒரு பக்தி உண்டு. கொட்டகை என்பது கனவுக்கூடம், விளக்கு அணைந்ததும் எல்லாரும் ஒண்ணு, ஏழை பணக்காரன் வித்தியாசம் கிடையாது, ஒரே சிரிப்பு, ஒரே அழுகை. வெளிச்சம் பட்டு நிமிர்ந்திருக்கிற அந்த முகங்கள் எல்லாம் இந்தப் பாட்டைத்தான் பாடுகின்றன. இதை வெறும் பொய் என்று நான் தள்ளிவிடவில்லை. கா. சிவத்தம்பி 1981ல் தமிழ்ச் சினிமாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூலில் முக்கியமான ஒன்றைச் சொன்னார். தமிழர்கள் அத்தனை பேரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்த முதல் நிகழ்த்துக்கூடம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு இல்லை, டிக்கெட் வாங்கும் காசு என்றார். யோசித்துப் பாருங்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8. சாமிக்கண்ணு வின்சென்ட் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பியது 1905. சாமி கதவைத் திறக்கும் முன்னாலேயே கொட்டாய்க்காரன் துணியைத் தூக்கி 'உள்ள வா' என்றான். காசு கொடுத்தால் போதும். இது சின்ன விஷயமில்லை. எங்க ஊர் ஜனம் சினிமா மேல் அப்படி விழுந்து கிடந்ததற்குக் கதாநாயகன் மட்டுமா காரணம்? 'உள்ள வா' என்ற அந்த ஒரு சொல்லும்தான்.

ஆனால் 'காசுதான் தீர்மானித்தது' என்பதோடு சிவத்தம்பி நிறுத்திக்கொள்கிறார். எங்களுக்கு அங்கேதான் கதை தொடங்குகிறது.

எங்க பக்கத்து டூரிங் கொட்டாயில் தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. தரை என்றால் மணல். ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் நடுவே இடுப்பளவு சுவர். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை, இடைவேளைக்கு இடைவேளை முறுக்கும் கடலையும். பலகையில் எங்கேயும் சாதி எழுதவில்லை. எங்க சித்தப்பா புதுப்படம் வந்தால் மாட்டுவண்டியில் தட்டி கட்டி, பறையடித்துக்கொண்டே ஊர் ஊராக நோட்டீஸ் போடப் போகிறவர். வண்டிக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடும். அந்த வேலைக்காக அவருக்கு ஓசி டிக்கெட் உண்டு, எந்த வகுப்பில் வேண்டுமானாலும் உட்காரலாம். கடைசிவரை மணலிலேதான் உட்கார்ந்தார். காலேஜில் படித்த திமிரில் ஒருநாள் கேட்டேன்: 'ஏன் சித்தப்பா, பெஞ்சுல உக்காந்தா யாராச்சும் திட்டுவாங்களா?' சிரித்துக்கொண்டே சொன்னார்: 'எவன்டா திட்டுவான்? நாமதான் உக்காரலையே.'

இந்த வாக்கியத்தை எந்த ஸ்டில்லில் பார்ப்பது? திட்டியவன் இல்லை, அடித்தவன் இல்லை, தடுத்தவன் இல்லை. படம் எடுத்தால் மணலில் சந்தோஷமாகக் குந்தியிருக்கும் ஒரு மனுஷன்தான் தெரிவார். டிக்கெட்டின் விலை பலகையில் இருக்கிறது. பெஞ்சின் விலை ஊரில் இருக்கிறது. மறுநாள் காலையில் யாருடைய வயலில் இறங்கவேண்டுமோ அவர் பெஞ்சில் இருக்கும்போது சித்தப்பா பக்கத்தில் போய் எப்படி உட்காருவார்?

'சினிமா பாரடைஸோ'வை எடுத்துக்கொள்வோம். 1988, டொர்னடோரே. இந்த விளையாட்டில் அதிகம் வருகிற படம் இதுவாகத்தான் இருக்கும். சிசிலி கிராமத்துக் கொட்டகை, முத்தக் காட்சி வந்தால் மணியடிக்கிற பாதிரியார், புரொஜெக்டர் அறைக்குள் நைசாக நுழைகிற பையன். எனக்கும் பிடித்த படம்தான், கடைசியில் அந்த முத்தங்களின் ரீல் ஓடும்போது தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே படத்தில் இன்னொரு காட்சி வருகிறது. மாடியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெரிய மனுஷன் கீழே தரை வகுப்பில் இருக்கிற ஜனத்தின் மேல் துப்புவார். சாவகாசமாக எட்டிப் பார்த்துத் துப்புவார். படம் அதைத் தமாஷாகத்தான் காட்டுகிறது, நாமும் சிரித்துவிட்டுத் தாண்டிப்போகிறோம். இத்தனை வருஷத்தில் அந்தத் துப்பலை ஸ்டில்லாகப் போட்டு 'என்ன படம்?' என்று கேட்ட ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை. பையனின் முகத்தில் வெளிச்சம் விழுவதைத்தான் போடுவார்கள். ஆனால் டொர்னடோரே தெரிந்தோ தெரியாமலோ ஒரு உண்மையை உள்ளே விட்டுவிட்டார். விளக்கு அணைந்த பிறகு ஜனங்கள் ஒன்றாகிவிடவில்லை. மேலே இருக்கிறவன் எச்சில் கீழே விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

சிசிலியில் மாடி பெரிய மனுஷனுக்கு. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மாடி கறுப்பருக்கு. அங்கே வெள்ளைக்காரன் கீழே உட்காருவான், கறுப்பர் பக்கவாட்டுப் படியேறி, தனி வாசல் வழியாக, மொட்டை உயரத்தில் போய் உட்கார வேண்டும். மாரியன் போஸ்ட் வால்காட் 1939ல் மிசிசிப்பியின் பெல்ஸோனி ஊரில் எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. அரசாங்க வேலையாகப் போய் எடுத்தது. கொட்டகைச் சுவருக்கு வெளியே ஒரு மரப்படிக்கட்டு. தொப்பி போட்ட ஒரு கறுப்பு மனிதர் தனியாக ஏறிக்கொண்டிருக்கிறார். சுவரில் கறுப்பருக்கு அனுமதிக் கட்டணம் 10 சென்ட் என்று எழுதியிருக்கிறது. பக்கத்திலேயே சோடா கம்பெனி விளம்பரம். இதுவும் சினிமாக் கொட்டகை ஸ்டில்தான். என்ன படம் என்று மட்டும் கேட்க முடியாது. உள்ளே என்ன ஓடியது என்பது படியேறுகிறவரின் முதுகில் எழுதியிருக்கவில்லை.

உள்ளே என்ன ஓடினாலும் ஒன்றுதான் என்று மால்கம் எக்ஸ் வேறொரு இடத்திலிருந்து சொல்கிறார். மிச்சிகனில் மேஸன் என்ற சிற்றூரில் 'கான் வித் தி விண்ட்' பார்த்தபோது கொட்டகையில் இருந்த ஒரே கறுப்பன் அவர்தான். திரையில் வேலைக்காரியாக வரும் கறுப்புப் பெண் அசட்டுத்தனம் செய்ய, தரைவிரிப்புக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது என்று தன் சுயசரிதையில் சொல்கிறார். அவர் முகத்தையும் யாராவது அப்போது ஸ்டில் எடுத்திருந்தால்? அன்னா கரீனா முகத்தில் விழுந்த அதே வெளிச்சம்தான் அவர் முகத்திலும் விழுந்திருக்கும். அதே படத்தின் அட்லாண்டா முதல் காட்சிக்கு, 1939 டிசம்பரில், அதில் நடித்த ஹாட்டி மக்டேனியலே போக முடியவில்லை. அவர் திரையில் இருக்கலாம், கொட்டகையில் இருக்கக்கூடாது.

எடுக்கப்படாத ஸ்டில் இன்னொன்று இருக்கிறது. கனடா, நோவா ஸ்கோஷியா மாகாணம், நியூ கிளாஸ்கோ, 1946 நவம்பர் 8. வயோலா டெஸ்மண்ட் என்ற கறுப்புப் பெண், அழகுநிலையம் நடத்துகிறவர், வழியில் கார் ரிப்பேராகிவிட ரோஸ்லேண்ட் தியேட்டருக்குப் படம் பார்க்கப் போகிறார். படம் 'தி டார்க் மிர்ரர்'. அவருக்குக் கிட்டப்பார்வை, கீழே முன்னால் உட்கார்ந்தால்தான் தெரியும். கீழ்த்தள டிக்கெட் கேட்கிறார். கொடுத்தது மாடி டிக்கெட். தெரிந்ததும் திரும்பிப் போய் மிச்சக் காசைத் தருகிறேன் என்கிறார். உங்க ஆட்களுக்குக் கீழ் டிக்கெட் கொடுக்கக் கூடாது என்று பதில். பேசாமல் போய்க் கீழேயே உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்து இழுத்துக்கொண்டு போனது, இரவு முழுக்க லாக்கப். மறுநாள் கோர்ட்டில் என்ன குற்றம் சாட்டினார்கள் தெரியுமா? நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மாகாணத்தில் கொட்டகையில் கறுப்பரைப் பிரிக்கச் சட்டமே கிடையாது. மாடி டிக்கெட்டுக்கும் கீழ் டிக்கெட்டுக்கும் கேளிக்கை வரியில் வித்தியாசம் ஒரு சென்ட், அந்த ஒரு சென்ட்டை அரசாங்கத்துக்கு ஏமாற்றிவிட்டாராம்! அபராதமும் செலவுமாக 26 டாலர். அவர் 1965ல் செத்துப் போனார். 2010ல் மன்னிப்புக் கொடுத்தார்கள். 2018ல் பத்து டாலர் நோட்டில் அவர் முகத்தைப் போட்டார்கள். ஒரு சென்ட் திருடியதாகச் சொல்லப்பட்டவரின் முகம் பத்து டாலரில்.

ஒரு சென்ட் வரி என்ற இந்தச் சாக்கு எனக்கு ரொம்பப் பழக்கமான சாக்கு. 2023 மார்ச் 30, சென்னையில் ஒரு தியேட்டர். 'பத்து தல' படத்தின் முதல் நாள். நரிக்குறவர் குடும்பம் ஒன்று கையில் டிக்கெட்டோடு நிற்கிறது, வாசலில் இருக்கிறவர் உள்ளே விடவில்லை. யாரோ செல்போனில் எடுத்தது ஊரெல்லாம் பரவியது. பரவிய பிறகு உள்ளே விட்டார்கள். தியேட்டர் தரப்பில் விளக்கமும் வந்தது: படத்துக்கு யு/ஏ சான்றிதழ், கூட 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தார்கள், அதனால்தான் என்று. யு/ஏ என்றால் பெரியவர்கள் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்று அர்த்தம். பெரியவர்கள் பக்கத்தில்தான் நின்றார்கள். நியூ கிளாஸ்கோவில் வரி, சென்னையில் சான்றிதழ். சாதியும் நிறமும் ஒருநாளும் தங்கள் சொந்தப் பெயரில் வாசலில் நிற்பதில்லை, எப்போதும் வேறொரு சட்டத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நிற்கும். அந்த வீடியோவில் நிறுத்தி ஒரு ஸ்டில் எடுத்தால், நீட்டிய கையும் கையில் டிக்கெட்டும். நம் காலத்துச் சினிமாக் கொட்டகைக் காட்சி அதுதான்.

சரி, சினிமாவே இதைப் பார்த்ததில்லையா? ஒருமுறை பார்த்தது. பிரஸ்டன் ஸ்டர்ஜஸின் 'சல்லிவன்ஸ் டிராவல்ஸ்', 1941. ஏழைகளைப் பற்றிப் படமெடுக்க ஆசைப்பட்ட ஹாலிவுட் இயக்குநர் ஒருவன், கடைசியில் தானே காலில் சங்கிலியோடு கைதியாகிவிடுகிறான். ஒருநாள் ராத்திரி கைதிகளைப் படம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். சதுப்பு நிலத்துக்கு நடுவே கறுப்பர்களின் ஒரு ஏழைத் தேவாலயம். படம் தொடங்குவதற்கு முன் போதகர் தன் சபையைப் பார்த்துப் பேசுகிறார். வரப்போகிறவர்கள் நம்மைவிடக் கொடுத்துவைக்காதவர்கள், சொல்லாலோ செயலாலோ பார்வையாலோ அவர்களைக் கூச வைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். முன் பெஞ்சுகளைக் காலி செய்கிறார்கள். சபை பாடுகிறது, சங்கிலிச் சத்தத்தோடு கைதிகள் வரிசையாக உள்ளே வருகிறார்கள். அப்புறம் ஒரு டிஸ்னி கார்ட்டூன். நாய் ஒன்று பசைத்தாளில் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்படுகிறது, எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள்.

இந்தக் காட்சிக்காகக் கறுப்பர் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட் ஸ்டர்ஜஸுக்கு நன்றி தெரிவித்துக் கடிதமே எழுதினார். எழுதியது நியாயம்தான். அந்தக் கால ஹாலிவுட்டில் கறுப்பன் என்றால் கண்ணை உருட்டுகிற வேலைக்காரன். இங்கே அவர்கள் வீட்டுக்காரர்கள், வந்தவர்கள் விருந்தாளிகள். மதிக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஊர் உலகமே யாரைக் கேவலமாகப் பார்க்கிறதோ அவர்களிடம் போய் 'நீங்கள் யாரையும் கேவலமாகப் பார்க்காதீர்கள்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சபையார் நாளைக்கு டவுனுக்குப் போனால் எந்த வாசல் வழியாகக் கொட்டகைக்குள் போவார்கள்? படம் அதைக் கேட்பதில்லை. இன்னொன்று, அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுக் கதாநாயகன் எடுக்கிற முடிவு. ஜனங்களுக்குத் துன்பக்கதை வேண்டாம், காமெடிதான் எடுப்பேன் என்று ஹாலிவுட்டுக்குத் திரும்பிவிடுகிறான். அவனுக்கு ஞானம் கொடுத்த சபை அதே சதுப்பில்தான் இருக்கிறது. நம்முடைய சோற்றுப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு இலக்கியம் எழுதப் போகிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன!

இந்தக் காட்சி என்னை விடாமல் பிடித்திருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. சின்ன வயதில் எங்க காலனியில் செய்தித் துறை வண்டி வந்து வேட்டி கட்டிப் படம் காட்டியது. படச் சத்தம் கேட்டு ஊர்த்தெருப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். எங்க ஆயா முன்னால் இருந்த எங்களையெல்லாம் எழுப்பிவிட்டு, உதறிப் பாய் போட்டு, 'உக்காருங்க சாமி' என்றது. சாமிகளுக்குப் பத்து வயசு இருக்கும். ஒருத்தனும் உட்காரவில்லை. படம் முடிகிறவரை நின்றுகொண்டே பார்த்துவிட்டுப் போனார்கள். பாய் அப்படியே காலியாகக் கிடந்தது. நாங்களும் அதில் உட்காரவில்லை. ஸ்டர்ஜஸின் கைதிகளாவது உட்கார்ந்தார்கள்.

கொட்டகை ஜனங்களை ஒன்றாக்கும் என்கிறவர்கள் ஸ்பைக் லீயின் 'பிளாக்கிளான்ஸ்மேன்' படத்தையும் பார்க்க வேண்டும், 2018. எதற்காக ஒன்றாக்கும் என்பதை அதில் காட்டுகிறார். கிளான்காரர்கள் கூடி உட்கார்ந்து கிரிஃபித்தின் 'பர்த் ஆஃப் எ நேஷன்' பார்க்கிறார்கள், 1915ல் வந்த படம். கத்துகிறார்கள், கைதட்டுகிறார்கள், பாப்கார்னை இறைக்கிறார்கள். அதோடு மாறி மாறி இன்னொரு அறை. கிழவராக வரும் ஹாரி பெலஃபான்டே, 1916ல் டெக்ஸஸின் வேகோ ஊரில் ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற இளைஞனைக் கும்பல் எரித்துக் கொன்றதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கொலையைப் போட்டோ எடுத்துத் தபால் அட்டையாக விற்றார்கள் என்பதையும் சொல்கிறார். அந்தக் கிளான் கூட்டத்தை மட்டும் வெட்டி ஸ்டில்லாகப் போட்டால், சினிமாவை ரசித்துக் கொண்டாடும் சாதாரண ஜனங்கள் போலத்தான் இருப்பார்கள். முகங்களில் அதே வெளிச்சம், அதே பரவசம்.

கடைசியாக ஒரு ஸ்டில். இதை அதிகம் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். சாய் மிங்-லியாங், 'குட்பை டிராகன் இன்', 2003. தைபேயில் மூடப்போகிற பழைய கொட்டகையின் கடைசி ஆட்டம். 1967ல் வந்த வாள்சண்டைப் படம் ஓடுகிறது, பார்க்க ஆள் இல்லை. டிக்கெட் கொடுக்கிற பெண் காலில் இரும்புப் பட்டை கட்டியவள், தாங்கித் தாங்கி நடக்கிறாள். படம் முடிகிறது, விளக்கு எரிகிறது. அவள் உள்ளே வந்து இருக்கை வரிசைகளுக்கு நடுவே குப்பையைச் சுத்தம் செய்துகொண்டே ஒரு பக்கம் ஏறி, இன்னொரு பக்கம் இறங்கி, வெளியே போகிறாள். அந்தக் கால் சத்தம் நின்ற பிறகும் சில நிமிஷம் காமிரா காலி இருக்கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. விமர்சகர்கள் இதைச் சினிமாவின் மரணம், இழந்த காலத்தின் ஏக்கம் என்றெல்லாம் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். எல்லாரும் காலி இருக்கைகளைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் பார்த்த கொட்டகை ஸ்டில்களில் கூட்டிப் பெருக்குகிற ஆள் இருக்கிற ஸ்டில் இது ஒன்றுதான். கூட்டம் கலைந்தபின் கடலைத் தொலியையும் வெற்றிலை எச்சிலையும் வாரிக் கொட்டுகிறவர் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று நமக்குத் தெரியும். எங்க டவுன் தியேட்டரில் ஒரு அக்கா அந்த வேலையில் 20 வருஷத்துக்கு மேல் இருந்தது. ஒரு நாளைக்கு நாலு ஆட்டம், நாலு தடவை கூட்டும். 'அப்ப எல்லாப் படத்தையும் பாத்திருப்பியேக்கா' என்று கேட்டேன். 'எல்லாப் படத்தோட கடைசி அஞ்சு நிமிசம் பாத்திருக்கேன், வெளக்கமாத்தப் புடிச்சிக்கிட்டு கதவாண்ட நிப்பேன் இல்ல' என்றது.